பேர் வெட்டிய ஈயம்

ஈயத்தை உருக்கி ஊற்றும்போது அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் வெடிக்கும். என் இடது மணிக்கட்டில் மூன்று வெள்ளைத் தழும்புகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே நாளில் வந்தவை. எனக்குப் பதினாலு வயது. அப்பா பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார். அவர் முடிப்பதற்குள் பத்துக் குண்டாவது ஊற்றிக் காட்டிவிட வேண்டும் என்று மண் அச்சைச் சரியாகக் காயவிடாமல் அவசரப்பட்டேன். படார் என்றது. அப்பா அடிக்கவில்லை. கையைத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டு, "ஈயத்துக்கு ஈரம் ஆகாது சாமி. ஆனா அது பொழப்பு பூரா தண்ணிக்குள்ளதான், என்ன பண்றது" என்றார்.

மேட்டூர் அணையில் மீன் பிடிக்கிறவன் நான். கொளத்தூர்ப் பக்கம், பண்ணவாடிப் பரிசல் துறைக்கு அருகில் வீடு. எங்கள் துறையிலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் நாகமரை தெரியும். அது தர்மபுரி மாவட்டம். அக்கரைக்குப் பரிசல் போட்ட காலமும் உண்டு. மோட்டார் படகு வந்த பிறகு மீன் மட்டும்தான். பரிசலை நாங்களே பின்னுவோம். மூங்கிலைப் பிளந்து அடிக்கூடையை முடைந்து, மேலே சாக்கும் பிளாஸ்டிக் தாளும் இழுத்துக் கட்டி, தாரைக் காய்ச்சிப் பூச வேண்டும். தாத்தா காலத்தில் சாக்குக்குப் பதில் எருமைத் தோல். இப்போது பைபர் பரிசல் வந்துவிட்டது. கூடை முடையத் தெரிந்த ஆட்கள் எங்கள் துறையில் விரல்விட்டு எண்ணும்படிதான். நரம்பு வலையும் கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. ஈயக்குண்டு மட்டும் இன்றைக்கும் நான் ஊற்றுகிறேன். கடைக் குண்டு ஒரே அளவில் வரும். தண்ணீர் ஒரே அளவில் இருப்பதில்லையே. ஆடியில் புது வெள்ளம் இழுக்கும்போது ஒரு கனம் வேண்டும், மாசியில் தண்ணீர் அசையாமல் கிடக்கும்போது வேறு கனம். குண்டு லேசாக இருந்தால் வலை சுருண்டு மேலே வரும். கூடிப்போனால் சேற்றில் படுத்துக்கொள்ளும். கெளுத்திக்குச் சேறு வரை போகலாம், கட்லாவுக்குப் போகக் கூடாது.

சங்ககிரி, நாமக்கல் என்று லாரிக்குப் பேர்போன சீமை இது. ஈயத்துக்குப் பஞ்சமில்லை. செத்த பேட்டரித் தகடு, சக்கரத்தில் அடிக்கும் எடைக் கட்டை, பழைய குழாய். எல்லாம் இரும்புச் சட்டிக்குள் போகும். மேலே மிதக்கும் கசடை வழித்தெடுத்தால் அடியில் பாதரசம் மாதிரி மினுங்கும். பேப்பர்த் துண்டை உள்ளே விட்டுப் பார்ப்போம்: பழுப்பாகக் கருகினால் பதம், தீப்பிடித்தால் சூடு அதிகம். காற்றுக்கு எதிரில் நிற்கக் கூடாது, கோழியை அந்தப் பக்கம் விடக் கூடாது. இவ்வளவுதான் இந்த வித்தை. இதைத் தெரிந்தவன் ஒருவன் பூம்புகாரில் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் அரைமணி நேரம் நகராமல் நின்ற கதையைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் தண்ணீருக்கு அடியில் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

அணை கட்டத் தொடங்கியது 1925இல். 1934 ஆகஸ்டில் திறந்தார்கள். வெள்ளைக்காரக் கவர்னர் ஸ்டான்லி பேரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். 5,300 அடி நீளம், 120 அடிக்குத் தண்ணீர், 93.47 டி.எம்.சி. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது. பண்ணவாடி, சாம்பள்ளி, காவேரிபுரம் போன்ற ஊர்கள் இருந்த இடத்தில்தான் தண்ணீர் நிற்கிறது என்பதை எனக்கு என் பாட்டி சொன்னாள். சாமியைத் தூக்கிக்கொண்டு, கதவு நிலையைப் பெயர்த்துக்கொண்டு, மேட்டுக்குப் போய் அதே பேரில் புது ஊர் போட்டார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி அங்கேயே நின்றுவிட்டது. மாதாகோயிலின் இரட்டைக் கோபுரமும் நின்றுவிட்டது. நீர்மட்டம் எண்பதுக்குக் கீழே இறங்க ஆரம்பித்தால் கோபுர நுனி தெரியும். எழுபதுக்குப் பக்கம் வந்தால் நந்தி தலையை நீட்டும். அரசு அளவுகோல் இருக்கிறது, தினசரியில் நீர்மட்டம் போடுகிறார்கள். ஆனாலும் எங்களுக்குக் கணக்கு அந்த இரண்டும்தான். "நந்தி கழுத்து வரைக்கும் இருக்குதுங்க" என்றால் எங்கே வலை போடலாம், எங்கே கூடாது என்று அத்தனை பேருக்கும் புரிந்துவிடும்.

கூடாத இடங்களை 'மாட்டு' என்போம். மொட்டைப் பனை, கிணற்றுச் சுவர், வீட்டு மூலைக்கல், ஏதோ ஒன்று வலையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மாட்டு எங்கே இருக்கிறது என்பதை மலையை வைத்து மனசில் குறித்துக்கொள்வோம். பாலமலையின் இன்ன முடிக்கு நேராகக் கரையில் இன்ன புளியமரம் வந்தால் கையெடுத்துக்கொள். அப்படி நாற்பது மாட்டு எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அறுபது தெரிந்திருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. வலை மாட்டிக்கொண்டது. புது வலை, அறுத்துவிட மனசு வரவில்லை. நான் முங்கினேன். எங்கள் தண்ணீர் பச்சை. ஒரு ஆள் ஆழத்துக்குக் கீழே கண் இருந்தும் பிரயோசனமில்லை, கைதான் பார்க்கும். மூன்றாம் முங்கில் கையில் ஒரு விளிம்பு பட்டது. வளைவாக, மழுமழுவென்று. கல் இல்லை. வலையோடு சேர்த்து இழுத்து மேலே கொண்டுவந்தோம். செம்பு அண்டா. பச்சைக் களிம்பேறி, ஒரு பக்கம் நசுங்கி, உள்ளே சேறு. ஊரைக் காலி செய்தபோது செம்பை யாரும் விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டார்கள். பின்னால் எப்போதோ பரிசல் கவிழ்ந்து விழுந்திருக்க வேண்டும். கழுத்தில் புள்ளி புள்ளியாக உளியால் பேர் வெட்டியிருந்தது. எல்லா வீட்டுப் பாத்திரத்திலும் இருக்குமே, அது மாதிரி. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். 'கா' என்று தொடங்கியது. அதற்கு மேல் படித்தேன் என்றுதான் நினைக்கிறேன். என்ன படித்தேன் என்பது இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் அப்பா அதைப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். ஏழு கிலோ சொச்சம். நான், "பேர் இருக்குதுங்கப்பா" என்றேன். கடைக்காரர் தராசைப் பார்த்துக்கொண்டே, "பேருக்கு எடை இல்லீங்களே" என்றார். மூவரும் சிரித்தோம். அந்தக் காசில் நைலான் கயிறு வாங்கினோம். அன்றைக்கு அது பெரிய அதிர்ஷ்டம். வருத்தப்பட்டேன் என்று இப்போது எழுதினால் பொய்.

2017 கோடையில் அணை தரை தட்டியது. நந்தி தலையை நீட்டுவதாவது, நந்தியைச் சுற்றி ஆடு மேய்ந்தது. வெடித்த சேற்றில் நடந்து போய் மக்கள் நந்தி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஜூன் 12இல் டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கம் அந்த வருஷமும் இல்லை என்று மே மாதத்திலேயே தெரிந்துவிட்டது. பரிசல் வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடந்தது. மகளை மயிலாடுதுறைப் பக்கம் கொடுத்திருக்கிறோம். "சும்மாதானே இருக்கீங்க, வந்து பத்து நாள் இருங்க" என்றாள். போனேன்.

பவானி, ஈரோடு, கொடுமுடி, கரூர், குளித்தலை என்று பஸ் ஆற்றோடுதான் போனது. ஆறு இல்லை, மணல்தான். திருச்சிப் பாலத்தில் பக்கத்து சீட்டுப் பெரியவர் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். மேட்டூர் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ நான்தான் மதகுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டவன் போல. கீழே தண்ணீர் இல்லாத வருஷங்களில் டெல்டாப் பக்கம் போய் ஊர்ப் பேரைச் சொன்னால் இது நடக்கும். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் மருமகன் வண்டியில் பூம்புகாருக்குக் கூட்டிக்கொண்டு போனார். காவிரி கடலில் சேரும் இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து ஒரு ஆற்றில் கிடந்தவன் அதன் வாயைப் பார்க்க ஐம்பத்தாறு வயது ஆகியிருக்கிறது. பார்க்க ஒன்றுமில்லை. மேலிருந்து வரவேண்டியது வராததால் கடல்தான் ஆற்றுக்குள் கொஞ்சம் ஏறி நின்றது. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்பு.

"மாமா, வெயில் ஏறுது. மியூசியம் இருக்குது, உள்ள போலாம்" என்றார் மருமகன். தமிழ்நாடு தொல்லியல் துறையின் கடலகழ்வு வைப்பகம். 1997இல் திறந்தது. சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்குப் போகிற கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அன்றைக்கு எங்களையும் சேர்த்து ஐந்து பேர். மண்பானை ஓடு, பாசிமணி, ரோமக் காசு, சீனப் பீங்கான். இவற்றையெல்லாம் நான் வேகமாகத் தாண்டிவிட்டேன். தெரிந்தவர்களுக்கு அது பொக்கிஷம். எனக்கு ஓடு ஓடுதான்.

முதலில் என்னை நிறுத்தியது கீழையூர்ப் படகுத்துறை. 1962 முதல் இந்தியத் தொல்லியல் துறை இந்தப் பக்கமெல்லாம் தோண்டியிருக்கிறது. கீழையூரில் செங்கல் வைத்துக் கட்டிய துறை ஒன்று வெளியே வந்தது. அதன் நடுவே மரத்தூண் ஊன்றியிருந்தது. படகு கட்ட. மரத்தைச் சோதித்ததில் கிறிஸ்து பிறப்பதற்கு முன்னூறு வருஷம் முந்தியது என்று சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆறு இல்லை, ஆறு நகர்ந்துவிட்டது. நான் படத்தில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். கயிறு தேய்த்த தடம் இருக்கிறதா என்று. எங்கள் துறையில் ஒரு கருங்கல் குத்து இருக்கிறது, நாலு தலைமுறைப் பரிசல் கட்டியது. அதில் விரல் போகும் அளவுக்குப் பள்ளம். படத்தில் அது தெரியவில்லை. ஆனால் தூணை ஊன்றியிருந்த தோதைப் பார்த்தால், ஊன்றியவர் தண்ணீர் ஏறி இறங்கும் இடம் அறிந்தவர். இதைச் சொல்லப் படிப்பு வேண்டாம்.

அப்புறம்தான் ஈயம். மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த ஈயக் கட்டி என்று எழுதியிருந்தது. பாளமாக, சாம்பல் பூத்து, விளிம்பெல்லாம் மழுங்கிக் கிடந்தது. எனக்கு முதலில் வந்த நினைப்பு, 'இதில் எத்தனை வலைக்குக் குண்டு வரும்' என்பதுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை, தட்டார் கண்ணுக்குத் தாலி பவுனாகத்தான் தெரியும். அரைக்குடம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஈயத்தை ஊற்றினால் எழுபது கிலோ ஆகிவிடும். அது தெரியாதவர்கள் சின்னதாக இருக்கிறதே என்று குனிந்து தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். நான் எடை போட்டேன். எழுபதுக்குப் பக்கம் வரும். ஊற்றின விதமும் தெரிந்தது. திறந்த அச்சு, மேல்பக்கம் ஆறும்போது நடுவில் லேசாகக் குழி விழுந்திருந்தது. என் குண்டிலும் அதே குழி விழும். அடுத்த ஊற்றைத் தாமதித்து ஊற்றினால் வரும் வரிகூட இருந்தது. யாரோ ஒரு ஆள், எங்கேயோ, முதல் கரண்டி ஆறுவதற்கும் இரண்டாவது வருவதற்கும் நடுவில் கொஞ்சம் தாமதித்திருக்கிறான்.

"எங்க ஊத்துனதுங்க மாப்பிள்ளை இது?"

அவர் போனில் தேடிப் படித்துச் சொன்னார். பூம்புகாருக்கு எதிரே கடலில், 19 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பல் உடைந்து கிடக்கிறது. கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் தமிழ்நாடு தொல்லியல் துறையினரும் தொண்ணூறுகளில் முங்கிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே எடுத்த ஈயக் கட்டிகள் சிலவற்றில் டபிள்யூ. பிளாக்கெட் என்ற பேரும், 1791, 1792 என்ற வருஷமும் பதித்திருக்கின்றன. பிளாக்கெட் என்பது இங்கிலாந்துக் குடும்பம். அந்த நாட்டின் வடபகுதியில் ஈயச் சுரங்கங்கள் வைத்திருந்தவர்கள். ஈயத்துக்கும் பூர்வீகம் உண்டாம், சோதனையில் கண்டுபிடித்துவிடலாமாம். சோதித்ததில் இங்கிலாந்துத் தாது என்று வந்திருக்கிறது. கப்பல் டென்மார்க்காரர்களுடையது என்ற பேச்சு இருக்கிறது. ஈயத்தில் இருப்பதோ இங்கிலாந்துக்காரர் பேர். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. கட்லாவில் என் பேரா எழுதியிருக்கிறது? எவன் ஊற்றினாலும் எவனாவது வாங்கி எவன் கப்பலிலாவது ஏற்றுவான். ஈயத்தை ஏற்றினால் இரண்டு லாபம். கப்பலுக்கு அடிக்கனமும் ஆச்சு, போய் இறங்கிய இடத்தில் விற்கவும் ஆச்சு.

1792 என்றதும் எனக்கு ஒரு சுருக். எட்டாவது வரலாற்றுப் புத்தகத்திலிருந்து தப்பிப் பிழைத்த ஒரே வருஷம் அது. சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கையெழுத்துப் போட்டுப் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்காரர்களிடம் விட்டுக்கொடுத்த வருஷம். அந்தச் சண்டையிலெல்லாம் துப்பாக்கிக்குப் போனதும் ஈயம்தானே. கடலில் விழாமல் கரை சேர்ந்த பாளங்கள் எங்கே போயிருக்கும் என்று யோசித்தால் ஒரு பங்கு எங்கள் ஊர்ப் பக்கம் ஆள்மேல் பாய்ந்திருக்கும்.

கண்ணாடிக்குப் பின்னால் எழுத்தைத் தேடினேன். நான் நின்ற பக்கத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. பெட்டியைச் சுற்றி வந்தேன். குந்தி உட்கார்ந்து பார்த்தேன். காவலுக்கு இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, நான் திருடுகிற ஜாடை இல்லை என்று முடிவுகட்டிப் போய்விட்டார். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தேன். இதைத் தொடாமல் எப்படி? இருபது வருஷத்துக்கு மேல் நினைக்காத அந்த 'கா' அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காளியம்மாளா, காவேரியா, காமாட்சியா. இங்கிலாந்தில் சுரங்கம் வைத்திருந்தவர் பேரை 62 அடித் தண்ணீருக்குள்ளிருந்து படித்து எழுதி வைத்துவிட்டார்கள். எங்கள் மாட்டில் கிடந்த அண்டாக்காரி பேரை நான் என் கட்டைவிரலால் தேய்த்துப் படித்தேன். மறுநாளே உலைக்கு அனுப்பினேன்.

மருமகன் என்னை உற்சாகப்படுத்த நினைத்தாரோ என்னவோ, போனில் இன்னொன்று காட்டினார். ஆப்பிரிக்காவில் நமீபியா கடற்கரையில், 2008இல் வைரம் தோண்டுகிறவர்களுக்கு ஒரு போர்த்துகீசியக் கப்பல் தட்டுப்பட்டிருக்கிறது. 1533இல் இந்தியாவுக்குப் புறப்பட்டது. இரண்டாயிரத்துக்கு மேல் தங்கக் காசு. கூடவே டன் கணக்கில் செம்புக் கட்டிகள். அவற்றில் ஃபுக்கர் என்ற ஜெர்மன் வணிகக் குடும்பத்தின் சூல முத்திரை. "தங்கத்தைப் பாருங்க மாமா" என்றார். நான் செம்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உருண்டையை அரைவாசி வெட்டியது மாதிரி இருந்தது. சட்டியில் ஊற்றினால் அப்படித்தான் வரும்.

இன்னொரு பக்கம், கடலடியில் குதிரை லாட வடிவில் ஒரு கட்டடம் கிடப்பதாகப் படம் போட்டிருந்தார்கள். கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில். பதினோராயிரம் வருஷம் முந்திய நகரம் என்று ஒரு வெள்ளைக்காரர் எழுதப்போய் இது உலகமெல்லாம் பரவிவிட்டது. நான் நம்பவில்லை. 23 மீட்டர் என்றால் 75 அடி. எங்கள் அணை நிரம்பினால் 120 அடி. அதன் அடியில் பள்ளிக்கூடம், கோயில், கிணறு எல்லாம் இருக்கிறது, எதுவும் தண்ணீருக்குள் போய் நூறு வருஷம் ஆகவில்லை. ஆழத்தை வைத்து வயசு சொல்ல முடியாது. அது மனுசன் கட்டியதா, தானாக அமைந்த பாறையா என்பதைக் கையால் தடவிப் பார்த்தவர்கள் சொல்லட்டும். கோவலன் கண்ணகி காலத்துப் பூம்புகாரே போதாதா, இன்னும் பத்தாயிரம் வருஷம் எதற்கு? இதை மருமகனிடம் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் வருத்தம். சொந்த ஊர்ப் பக்கமாயிற்றே.

வெளியே வந்து கடற்கரைக்குப் போனோம். விசைப்படகுக்குத் தடைக்காலம்; அந்த வருஷம்தான் 45 நாளை 61 நாளாகக் கூட்டியிருந்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வலை பிரித்துக்கொண்டு நாலைந்து பேர் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் கட்டிக்கொண்டிருந்த வலையின் ஈயத்தை நான் விரலால் உருட்டிப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"தொழில்காரரா?"

"ஆமாங்க. மேட்டூர் டேம்ல."

இந்தத் தடவை அந்தப் பார்வை வரவில்லை. நகர்ந்து இடம் விட்டார். அணையில் என்ன வலை, எத்தனை கண்ணி, என்ன மீன் என்று கேட்டுக்கொண்டே வந்தார். கட்லா என்று சொன்னதற்கு, "அது கொழ கொழன்னு இருக்குமே" என்று முகத்தைச் சுளித்தார். கடல்காரர்கள் எல்லோருக்கும் ஆற்று மீன்மேல் இந்த எளக்காரம் உண்டு. பரிசலைப் பற்றிச் சொன்னேன். வட்டமாக இருந்தால் முன்பக்கம் எது என்று கேட்டார். "நாம எந்தப் பக்கம் பாக்குறமோ அதாங்க முன்பக்கம்" என்றேன். கொட்டகையே சிரித்தது.

மியூசியத்தில் பார்த்த ஈயத்தைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன்.

"அதுவா. எங்க பெரியாளுங்க காலத்துலயே தெரியும் தம்பி. அந்த எடத்துல வலை மாட்டும். மாட்டுது மாட்டுதுன்னு முங்கிப் பாத்தா பாளம் பாளமா கெடந்துச்சாம். ஒண்ணு ரெண்டு எடுத்தாந்து வெட்டி வலைக்குப் போட்டுருக்காங்க, மிச்சத்த எடைக்குப் போட்டுருக்காங்க. அதுக்கப்பறம்தான் ஆபீசருங்க வந்தது. நம்ம ஆளுங்கதான் எடம் காட்டுனது."

"பேரு எழுதியிருந்துச்சாமே."

"இங்கிலீசுல இருந்தா எவன் படிச்சான்? தமிழ்ல இருந்தாலும் எவன் படிச்சான்?" என்று சொல்லிவிட்டு ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கினார்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக நான் அண்டாவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 62 அடிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், காதில் ஆணி இறங்குகிற வலியோடு, எழுபது கிலோவுக்குக் கயிறு கட்டி மேலே கொண்டுவருகிறவனுக்கு அது சரித்திரம் இல்லை, கூலி. நான் அதிகமாகப் போனது 30 அடி. அதற்கே ஒரு காது இப்போது மந்தம்.

"உங்க டேமுக்குள்ள என்ன கெடக்கு?" என்றார் கிளம்பும்போது.

"எங்க ஊருங்க" என்றேன்.

ஊசியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். 2004 சுனாமி வந்துபோன கரை அது. மேற்கொண்டு அவர் கேட்கவில்லை.

திரும்பும்போது மருமகன் தரங்கம்பாடிக்கும் விட்டார். டேனிஷ் கோட்டை. 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டியது, 1845இல் இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனது. கோட்டைக்குள்ளும் ஒரு மியூசியம். அங்கே எனக்கு எதுவும் ஒட்டவில்லை. மனசு பூம்புகார்ப் பெட்டியிலேயே நின்றது. கோட்டைச் சுவரில் உட்கார்ந்து காற்று வாங்கியதுதான் மிச்சம். நல்ல காற்று, அதைக் குறை சொல்ல முடியாது.

மகள் வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. மறுநாள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறார்கள் என்று அடுக்களைப் பரணிலிருந்து பெரிய பாத்திரங்களை இறக்கிப் போட்டிருந்தார்கள். அதில் நாங்கள் சீராகக் கொடுத்த பித்தளை அண்டாவும் இருந்தது. சேலம் பாத்திரக் கடையில் வாங்கியது. பேர் வெட்டுகிற மிஷினோடு ஒருவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கூட்டம், அவசரம், விர்ரென்று வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். நான் அண்டாவை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினேன். மகள் பேர், என் பேர், மேட்டூர், தேதி. 'மேட்டூர்' என்பதில் ஒற்றை விட்டிருந்தார் அந்த ஆள். 'மேடூர்'. இத்தனை வருஷமாக நான் பார்க்கவே இல்லை.

கட்டைவிரலால் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள்.

"என்னங்கப்பா பாக்குறீங்க? அடி ஒடுங்கியிருக்குதா?"

"இல்ல சாமி. எத்தன கிலோ இருக்கும்னு பாத்தேன்."

"பதினொண்ணு. நீங்கதானே தராசுல நின்னு வாங்கினீங்க" என்றாள் அவள். அண்டாவை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.